லாட்வியா அக்கா

அந்த அக்காவை நினைத்ததும் எனக்கு முதலில் ஒரு பெருமூச்சு வரும். பாசமெல்லாம் அப்புறம்தான். கொஞ்சம் நிதானித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ்ப் பள்ளிக்கு என் காரில்தான் வருவார். லைசென்ஸ் இருந்தது, கார் இருந்தது. ஆனால் ஃப்ரீவே பயம். ராம்ப்பில் ஏறி அந்தப் பெரிய லாரிகளுக்கு நடுவே நுழையவேண்டும் என்று நினைத்தாலே அவருக்குக் கை வேர்த்துவிடும். அதனால் அவரும் அவர் மகனும், நானும் என் மகளும் ஒரே கார். சீட் பெல்ட்டை மாட்டுவார், ஆரம்பித்துவிடுவார்.

"அந்த முப்பத்தொண்ணாம் வருஷத்து எலெக்‌ஷன்ல என்ன நடந்துச்சுன்னா..."

பின் சீட்டிலிருந்து என் மகள் கேட்பாள். "அம்மா, இஸ் லாட்வியா ஸ்டார்டிங்?"

அவர் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இட் நெவர் என்ட்ஸ்" என்பான்.

லாட்வியா பால்டிக் கடலோரம் இருக்கிற ஒரு சின்ன நாடு. அக்கா எங்கள் வாழ்க்கையில் வருவதற்கு முன்னால், கேட்டியில் இருந்த தமிழர்களில் யாரிடம் மேப்பைக் கொடுத்து அதைக் காட்டச் சொல்லியிருந்தாலும் முழித்திருப்போம். அவர் வந்தபின் எங்கள் பள்ளியில் இரண்டாம் நிலை படிக்கிற பிள்ளைகளுக்கு ழகரம் வராது, லாட்வியா தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். பி.எச்.டி.க்குப் பதிவு செய்யப் போனபோது பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். "ரேஷன் கடையில கடைசியா நின்னா மண்ணெண்ணெய் இருக்காதுல்லா, அந்தக் கத" என்பார். கைடு அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் லாட்வியாவில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல்கள், இதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வேண்டாவெறுப்பாக எடுத்துப் படிக்கப்போய், மனுஷி அங்கேயே குடியேறிவிட்டார். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கல்யாணம், ஹூஸ்டன், டிபென்டென்ட் விசா. வேலை செய்யக் கூடாது. ஆராய்ச்சி அப்படியே நின்றது. அதைக் கேட்க ஒரு கைடும் இல்லாததால் நாங்கள் அகப்பட்டுக்கொண்டோம்.

அவர் கணவர் ஓர் எண்ணெய் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தார். நல்ல மனிதர். சத்தமே வராது. நான் ஹாரன் அடித்ததும் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டு, "சிஸ்டர், இன்னைக்கு மழை வரும்போல இருக்கு, பாத்துப் போங்க" என்பார். அக்கா அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "காலையில பல் விளக்கும்போதே ஆரம்பிச்சிட்டா. உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். காருக்குள் இருப்பவள் நான்தானே!

"எல்லாருக்கும் ஓகேதானே?" என்கிற வாக்கியத்தை அந்த அக்கா முன்னால் சொல்லவே கூடாது. சொன்னால் தொலைந்தோம். நாங்கள் ஐந்தாறு பேர் சினிமா முடிந்து சாப்பிடப் போவோம். யாராவது வாய் தவறி, "மெக்சிகன் போலாமா, எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்டுவிடுவார்கள். மற்றவர்கள் காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருப்போம். அக்கா பார்க்கிங்கிலேயே நின்றுவிடுவார்.

"ஒவ்வொருத்தர்ட்டயும் கேளுங்க. அவ ஒண்ணும் சொல்லல பாருங்க."

"எனக்கு எதுனாலும் ஓகேக்கா" என்பாள் அந்தப் பெண்.

"எதுனாலும் ஓகேன்னு ஒண்ணு கிடையாதும்மா. ஒனக்குன்னு ஒண்ணு இருக்கும், சொல்லு."

ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில், தார் உருகுகிற பார்க்கிங்கில், பசியோடு நின்று ஆளுக்கொரு கையைத் தூக்கியிருக்கிறோம்.

ஒரு வருஷம் பொங்கல் விழாவுக்கு வாட்ஸப் குழுவில் மெனு போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், சாம்பார் சாதம். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. அக்கா மட்டும், 'எனக்கு ஓகே இல்லை. வாக்கெடுப்பு வேண்டும்' என்று எழுதினார். வாக்கெடுப்பென்றால் சும்மா இல்லை, லாட்வியா முறையில். அதாவது ஜெயித்தவருக்கே எல்லாம் என்று கிடையாது, வாங்கிய ஓட்டுக்குத் தகுந்தபடி இடம். எலுமிச்சை சாதத்துக்கு எத்தனை ஓட்டோ அந்த அளவுக்கு எலுமிச்சை சாதம், பிசிபேளாவுக்கு எத்தனையோ அத்தனை பிசிபேளா. தலைவலி பொறுக்காமல் சரி என்று விட்டுவிட்டார்கள். விழா அன்று மேஜையில் ஏகப்பட்ட பாத்திரங்கள். எல்லாமே குட்டி குட்டி. புளியோதரை ஒரு கிண்ணம். ஒரு குடும்பம் நூடுல்ஸுக்கு ஓட்டுப் போட்டிருந்ததால் ஒரு கப் நூடுல்ஸும் மரியாதையாக வந்து உட்கார்ந்திருந்தது. வரிசையில் முதலில் நின்றவர் அதை முழுசாக எடுத்துப் போட்டுக்கொண்டார். நூடுல்ஸுக்கு ஓட்டுப் போட்ட குடும்பத்துக்கே நூடுல்ஸ் கிடைக்கவில்லை. கடைசியில் பீட்சா வரவழைத்தோம்.

"அக்கா, இதுக்குப் பேருதான் ஜனநாயகமா?" என்று கேட்டேன். எனக்கு நல்ல பசி.

"ஆமா பிள்ள. ஒருத்தருக்கும் வயிறு நெறயல, வாஸ்தவம்தான். ஆனா ஒருத்தரையும் ஒதுக்கி வச்சிட்டுச் சாப்பிடலல்லா?"

இன்னொரு தடவை, எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. வேலிக்கு என்ன கலர் அடிக்கலாம், குப்பைத் தொட்டியை எப்போது வெளியே வைக்கலாம் என்று கடிதம் போட்டு உயிரை எடுக்கும் சங்கம் அது. எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் வந்த அன்றே குப்பைக்குப் போய்விட்டது. அக்கா வீட்டில் சண்டை. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். அக்கா ஒருவரைச் சொல்கிறார், கணவர் இன்னொருவரைச் சொல்கிறார்.

"அரை அரையாப் போட முடியுமான்னு போன் பண்ணிக் கேட்டா சிஸ்டர்" என்றார் அவர், வாசலில் என்னிடம். "அந்தப் பொண்ணு பாவம், இவளுக்கு என்ன பதில் சொல்லும்? கடைசியில நான் விட்டுக்குடுத்தேன். அதுக்கும் கோவம். விட்டுக்குடுக்கக் கூடாதாம், வாதாடித் தோக்கணுமாம்."

இதையெல்லாம் நாங்கள் கேலியாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம், தமிழ்ப் பள்ளியின் அந்தக் கூட்டம் வரைக்கும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் தலைவர் ஒரு பல் டாக்டர். பள்ளியை ஆரம்பித்தவரும் அவர்தான். கெட்டிக்காரர், காரியத்தை முடித்துக் காட்டுகிறவர். ஒவ்வொரு வருஷமும் பொதுக்குழு கூடும், யாரோ ஒருவர் அவர் பெயரை முன்மொழிவார், எல்லோரும் கைதட்டுவோம், சமோசா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். மதிய வகுப்பை அவர் தன் கோல்ஃப் விளையாட்டுக்காகக் காலை எட்டு மணிக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகப் பேச்சு இருந்தது. எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அவர் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து, "வருஷா வருஷம் இந்த எலெக்‌ஷன் ஃபார்மாலிட்டி எதுக்குங்க? டைம் வேஸ்ட். போன வருஷம்கூட இந்த மேடம் கேள்வி கேட்டுக் கேட்டு ஆறு மணி ஆயிடுச்சு. பைலா விதியைக் கொஞ்சம் மாத்தி, இப்ப இருக்கிற கமிட்டியே அஞ்சு வருஷத்துக்கு கன்டின்யூ பண்ணலாம்னு இருக்கோம். எல்லாருக்கும் ஓகேதானே?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எனக்குச் சம்மதம் இல்ல."

அறை முழுக்க ஒரு முனகல். யாரோ கார்ச் சாவியை எடுத்து மேஜையில் தட்டினார்கள். அக்கா கண்டுகொள்ளாமல் ஆரம்பித்தார். வேறென்ன, லாட்வியாதான். ஆனால் அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

"அங்க நூறு எடம். அந்த முப்பத்தொண்ணாம் வருஷ எலெக்‌ஷன்ல இருபதுக்கு மேல கட்சி உள்ள வந்துச்சு. ஒரு ஆளு ரெண்டு ஆளு இருக்க கட்சி எல்லாம் உண்டு. ஒருத்தன் சொன்னா இன்னொருத்தன் ஒத்துக்கிட மாட்டான். அரசாங்கம் வரும், கவுந்துரும். சனங்களுக்குச் சலிச்சுப்போச்சு. எப்படா இவனுவ வாய மூடுவானுவன்னு இருந்தாங்க. அடுத்த எலெக்‌ஷனுக்குக் கொஞ்ச மாசம் இருக்கையில, பிரதமரா இருந்தவரே பட்டாளத்த வச்சு பார்லிமென்ட்டப் பூட்டிட்டாரு. கொஞ்ச நாளைக்குத்தான், எல்லாத்தையும் சரி பண்ணிட்டுத் தொறக்கேன்னாரு. பெருசா எதுத்துக் கேக்க ஆளில்ல. சத்தம் ஓஞ்சுதேன்னு நிம்மதியா இருந்துட்டாங்க. அவரு தொறக்கவே இல்ல. பொறவு ரஷ்யாக்காரன் டாங்க்கோட வந்தான். அவனும் எலெக்‌ஷன் வச்சான். ஒரே ஒரு பட்டியல். அதுக்குப் பொறவு அந்த நாட்டு சனங்க ஒழுங்கா ஒரு ஓட்டுப் போட ஒரு தலைமுறை, ரெண்டு தலைமுறை ஆச்சு."

"மேடம்," என்றார் தலைவர், புன்னகை மாறாமல். "இது கேட்டி தமிழ்ப் பள்ளி. நாம சமோசா கமிட்டி. ரஷ்யாக்காரன் இங்க வரமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"டாக்டர், நீங்க சிட்டிசன். உங்களுக்கு இந்த ஊருல ஓட்டு இருக்கு. நான் ஊர விட்டு வந்து ஒம்பது வருஷமாச்சு. அங்க போய் நின்னாத்தான் அங்க ஓட்டு. லீவு கிடைக்கப்ப எலெக்‌ஷன் வரல, எலெக்‌ஷன் வந்தப்ப போனா திரும்பி வர விசா முத்திரை குத்துவாங்களோன்னு பயம். இங்க எங்க கிரீன் கார்டு வரிசை நகர்றதுக்குள்ள எனக்குப் பல்லே இருக்காது, உங்ககிட்டதான் வரணும். எனக்கு ஓட்டு இருக்க ஒரே எடம் இந்தப் பள்ளிக்கூடந்தான். அத அஞ்சு வருஷத்துக்கு எடுத்துராதீங்க."

அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அதே வரிசையில் நின்றவர்கள். மேஜையில் சாவி தட்டிய சத்தம் நின்றது. கடைசியில் தலைவரே, "சரி, ரெண்டு வாரம் கழிச்சு முறைப்படி எலெக்‌ஷன் வைப்போம். யாரு நிக்கிறீங்களோ பேர் குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் நின்றால் அது தேர்தல் இல்லையே என்று அக்கா தானே நின்றார். பிரச்சாரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வேன்! காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "டாக்டர் நல்லாத்தான் செய்யுதாரு. எனக்கு நிர்வாகம் தெரியாது. ரெண்டு பேரு நிக்கணுமேன்னு நிக்கேன். உங்களுக்கு அவரப் பிடிச்சா அவருக்கே போடுங்க, ஆனா வந்து போடுங்க" என்பார்.

"அக்கா, உங்களுக்கு ஓட்டுக் கேளுங்கக்கா" என்று காலை மிதிப்பேன்.

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

ஜெயித்துவிட்டார். கோல்ஃப் விஷயம்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லோரும் மடித்த காகிதத்தில் சொல்லிவிட்டார்கள். முடிவு படித்தபோது பல் டாக்டரின் முகத்தைவிட அக்காவின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

அதற்கப்புறம் வந்த ஒரு வருஷம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. எந்தப் பாடப் புத்தகம், வகுப்பில் எந்த வரிசையில் உட்காருவது, ஆத்திசூடி முதலா எண்கள் முதலா. ஆசிரியர் கூட்டம் முடிவதற்குள் பிள்ளைகள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள். நான் இரண்டாம் நிலைக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'படம்' 'பாடம்' வித்தியாசம் சொல்லித்தர எனக்கு நேரம் கிடைத்ததைவிடக் கூட்டத்தில் கைதூக்க அதிக நேரம் கிடைத்தது. ஆண்டு விழாவுக்கு எந்த அரங்கு என்று மூன்று சுற்று வாக்கெடுப்பு வைத்தார். மூன்றாவது சுற்று முடிந்து போன் செய்தபோது மூன்று அரங்குகளையும் வேறு யாரோ புக் பண்ணியிருந்தார்கள். மே மாத வெயிலில், பூங்காவில், பட்டுப்பாவாடை வேர்வையில் நனைய நனையப் பிள்ளைகள் ஆடினார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கூடாரத்தில் யாருக்கோ பிறந்தநாள் பாட்டு ஆரம்பித்தது. இரண்டு ஆசிரியைகள் அதோடு நின்றுவிட்டார்கள். நாலைந்து குடும்பங்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டன. இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனால் பள்ளியே இருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மறுபடியும் எல்லோரும் தங்களுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். அவர், "சண்டே மத்தியானம் கோல்ஃப் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா" என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். தினமும் அக்கா நினைப்புதான். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டவர். ஆனால் அந்தப் பள்ளியில்தான் என் மகள் முதல்முதலாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அதுவும் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அடுத்தவர் சொல்லி அக்காவுக்குத் தெரியக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்தேன். ஞாயிறு மதியம், காரில், கிராண்ட் பார்க்வே ஃப்ரீவேயில் ஏறியபிறகு சொன்னேன்.

"அக்கா, இந்த வருஷம் நான் நிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு எதிரா."

பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"முன்மொழியவும் வழிமொழியவும் ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். ஆளு இருக்கா?"

"ஒருத்தர் இருக்காங்க."

"இன்னொண்ணு நான் போடுதேன்" என்றார். பள்ளி வரும்வரை வேறெதுவும் பேசவில்லை. லாட்வியாகூட இல்லை.

சொன்னபடி கையெழுத்துப் போட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு நான் வாசலில் போய் ஹாரன் அடித்தபோது அவர் கணவர் மட்டும் வந்தார்.

"முன்னாடியே கிளம்பிட்டா சிஸ்டர். அவளே ஓட்டிட்டுப் போறேன்னுட்டா."

ஃப்ரீவேயில் ஏறாமல், பக்கத்தில் ஓடும் ஃபீடர் ரோட்டிலேயே, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போயிருக்கிறார். நான் மேலே போய்க்கொண்டிருந்தபோது கீழே அவர் வண்டி தெரிந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகு சாயாமல், முன்னால் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் மட்டும் எங்களைப் பார்த்துக் கையசைத்தான். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. கொள்கைப்படி கையெழுத்தும் போடுவார், மனசுப்படி கோபமும் படுவார். நான் இதில் எதற்கென்று பதில் சொல்வேன்?

தேர்தல் நாளில் இருவரும் பேச வேண்டும் என்று அவர்தான் விதி வைத்திருந்தார். போன வருஷம் பேசியதுபோல் இல்லை. இந்த முறை ஒழுங்காக, ஆணித்தரமாக, தனக்கு ஓட்டுக் கேட்டார். போன ஆசிரியைகளிடம் போய்ப் பேசியிருக்கிறார், ஒருத்தி திரும்பி வருகிறாள். அரங்கை இப்போதே புக் பண்ணியாகிவிட்டது. "தப்புப் பண்ணுனேன். இன்னொரு வருஷம் குடுங்க, சரி பண்ணிக் காட்டுதேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தப் பதவி அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. ஜெயிக்க ஆசைப்படுகிறார்.

தோற்றுவிட்டார். நெருக்கமாகக்கூட இல்லை.

முடிவைப் படித்தவர் அவரேதான். எண்ணியவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, என் பெயரைச் சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் அலமாரிச் சாவி, புரொஜெக்டர் சாவி, கிளாஸ்ரூம் சாவி எல்லாம் கோர்த்த வளையத்தை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். காரிடாரில் தண்ணீர்க் குழாயில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சாரிக்கா."

"என்னத்துக்கு?" துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். கண் சிவந்திருந்தது. "வலிக்குதுதான். ஒங்கிட்ட தோக்கது இன்னும் வலிக்குது. அதுக்கு நீ என்ன செய்வ?"

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அவரே சொன்னார்.

"என் தீஸிஸ் ஏன் முடியலன்னு எல்லாரும் கல்யாணத்தச் சொல்லுவாங்க. அதில்ல. கடைசி அத்தியாயம் எழுத வரல. அடுத்த எலெக்‌ஷன் வரணும்லா, வரல. தோத்தவன் அடுத்த தடவ ஜெயிச்சான், ஜெயிச்சவன் எறங்கிப் போனான்னு எழுதி முடிக்க எனக்கு ஒண்ணும் இல்ல. எறங்குனா எப்படி இருக்கும்னு புஸ்தகத்துலகூட நான் பாக்கல." மூக்கை உறிஞ்சினார். "இப்படித்தான் இருக்கும்போல. அழுகையா வருது, பசிக்கவும் செய்யுது."

உள்ளே வந்து இரண்டு சமோசா சாப்பிட்டார். அப்புறம், "என்னைய ஒன் வண்டியில கூட்டிட்டுப் போ. அந்த ஃபீடர் ரோட்டுல ஓட்டி முதுகு போச்சு" என்றார். அவர் வண்டியை எடுத்துவர என் கணவரும் அவர் கணவரும் இன்னொரு முறை வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் புதுத் தலைவராக நான் செய்யப்போகும் தவறுகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். என் முதல் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விகளைச் சமாளித்து முடிக்க ஏழு மணி ஆனது. பல் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கடுத்த வருஷம் எண்ணெய் கம்பெனியில் ஆள்குறைப்பு. அவர் கணவருக்கு வேலை போனது. விசா அவகாசம் முடிவதற்குள் வேறு வேலை அமையவில்லை. வீட்டை அவசரமாக விற்றுவிட்டு கனடாவுக்குப் போனார்கள். அங்கே பனி, சின்ன அபார்ட்மென்ட், அக்காவுக்கு ஒரு நூலகத்தில் வேலை. போன் பேசுவோம். பேசுவார், நான் கேட்பேன்.

சமீபத்தில் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். குடியுரிமை கிடைத்து, முந்தின நாள்தான் முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஏற்கெனவே முடிவும் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் பூத். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு பென்சில். நிறையப் பேர் வரிசையில் நின்றதால் முன்னால் நின்றவரிடம் லாட்வியா கதையைச் சொன்னாராம். பாவம் அந்த மனிதர்.

"பேப்பர மடிச்சி மடிச்சிப் பிரிச்சிப் பாத்துக்கிட்டே நின்னேன் பிள்ள. பூத்துல இருந்த பொண்ணு, ஆர் யூ ஓகேன்னு கேட்டா."

"யாருக்குக்கா போட்டீங்க?"

"அதக் கேக்கப்பிடாது."

"சரி, ஜெயிச்சாங்களா?"

"இல்ல."

"ஐயோ."

"என்ன ஐயோ? அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றார். அப்புறம் அந்தத் தொகுதியில் யார் எத்தனை வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. வைக்கிறேன்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல மனம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.